தோல்விக்கு எத்தனை நாள் துக்கம்?

தேர்தல் முடிவுக்காகத் துக்கம் காக்கலாமா? யாரும் இறக்கவில்லை. வாக்குகளை எண்ணினார்கள், ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார், நான்கு ஆண்டு கழித்து மறுபடியும் தேர்தல் வரும். இதற்காகக் கண்ணாடியைத் துணியால் மூடி, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, வருபவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவது சரிதானா? அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்த 2016 நவம்பர் முதல் இந்தக் கேள்வி என்னுள் அடங்காமல் கிடந்தது. சரியில்லை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அப்படி அழுதவர்கள் நான் மதிக்கும் மனிதர்கள், அவர்களுடைய அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. சரி என்று ஒப்புக்கொள்ளவும் அன்றைக்கு மனம் வரவில்லை. இப்போது எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது. யூதர்களின் துக்க மரபுக்குள்ளேயே அது இருந்தது. கண்டெடுக்கத்தான் காலம் பிடித்தது.

நான் வசிப்பது பிட்ஸ்பர்கின் ஸ்குவிரல் ஹில் பகுதி. ஏறக்குறைய நூறாண்டாக யூதர்கள் செறிந்து வாழும் இடம். மர்ரே அவென்யூவில் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் கடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் குழந்தைகளோடு ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் குடும்பங்களை எங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் இருந்தார்கள். ஆசிரியையின் தாயார் 1938-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பள்ளிச் சிறுமி. அந்த ஆண்டு நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் ஜெப ஆலயங்கள் எரிந்தன, யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்கள் பிடிக்கப்பட்டு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சிறுமியின் தந்தையும் அவர்களில் ஒருவர். பிறகு எப்படியோ குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நவம்பர் 9 அன்றும் ஆசிரியையின் வீட்டில் ஒரு நினைவு மெழுகுவத்தி எரியும்.

2016-இல் வாக்குப்பதிவு நவம்பர் 8. முடிவு தெரிந்தபோது நள்ளிரவு தாண்டி 9-ஆம் தேதி பிறந்திருந்தது. 1988-க்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் தேர்ந்தெடுக்காத எங்கள் பென்சில்வேனியா மாநிலம் 44,292 வாக்கு வித்தியாசத்தில் டொனால்ட் டிரம்ப் பக்கம் போயிருந்தது. நாடு முழுவதும் பார்த்தால் ஹிலாரி கிளின்டனுக்கு ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் அதிகம். ஆனால் இந்த நாட்டில் அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் குழு. அன்று காலை தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கடையின் கண்ணாடியில் நாஜி ஸ்வஸ்திகாவையும் 2016 என்ற எண்ணோடு ஹிட்லருக்கான வெற்றி முழக்கத்தையும் யாரோ வண்ணம் பீய்ச்சி எழுதியிருந்தார்கள். 1938-இல் உடைந்த கண்ணாடிகளின் ஆண்டு நிறைவு நாளில், இங்கே ஒரு கடைக் கண்ணாடி. ஆசிரியை மெழுகுவத்தியை ஏற்றினார். ஆனால் அது எதற்காக எரிகிறது என்று அன்றைக்கு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மாலை எங்களையும் அழைத்தார். ஷிவா காக்கிறோம், வாருங்கள் என்றார். நெருங்கிய உறவினரை அடக்கம் செய்த பின் வீட்டை விட்டு வெளியேறாமல் காக்கும் ஏழு நாள் துக்கத்துக்குத்தான் ஷிவா என்று பெயர். வாசற்கதவைத் தாழிட்டிருக்கவில்லை. கூடத்துக் கண்ணாடியின் மேல் மேசைவிரிப்பு ஒன்று தொங்கியது. சிலர் முக்காலிகளில் தாழ உட்கார்ந்திருந்தார்கள். துக்கத்தில் உடையைக் கிழிப்பதற்குப் பதிலாகச் சட்டையில் குத்தியிருந்த கறுப்பு நாடாக்களில் கத்தரிக்கோல் பட்ட கிழிசல் இருந்தது. மேசையில் வேகவைத்த முட்டையும் பருப்புச் சூப்பும் வைத்திருந்தார்கள். அவை இரண்டும் அவர்களுடைய துக்க வீட்டின் முதல் உணவு. துக்கத்தில் இருப்பவர் அந்த முதல் வேளையைத் தன் வீட்டுச் சோற்றிலிருந்து உண்ணக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது சொல்லாமலே புரிந்தது. நானும் சோறும் ரசமும் கொண்டுபோயிருந்தேன்.

அந்த மாலையில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி அச்சம்தான். எந்தெந்த நாட்டுக் குடியுரிமைக்கு யார் யாருக்குத் தகுதி இருக்கிறது, தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றெல்லாம் பேசினார்கள். அந்த வாரத்து நாட்காட்டியும் அவர்களை விடவில்லை. 9-ஆம் தேதி 1938-இன் நினைவு. சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் வாசிக்க வேண்டிய பகுதி, உன் நாட்டையும் உன் இனத்தையும் விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குக் கட்டளை வரும் இடம். அன்று பொழுது சாய்ந்தால் எபிரேய மாதம் ஹெஷ்வான் 12. 1995-இல் டெல் அவிவில் அமைதிப் பேரணி முடிந்து இறங்கி வந்த இஸ்ரேல் பிரதமர் இத்ஸ்ஹாக் ரபீனை ஒரு யூதனே சுட்டுக் கொன்ற நாள் அது. தங்கள் நாட்காட்டியில் எந்தத் தேதியைத் தொட்டாலும் ஏதோ ஒரு பழைய வலி கையில் ஒட்டுகிற மக்கள், புதிய வலியை அந்தப் பழையவற்றின் துணைகொண்டு புரிந்துகொள்ள முயன்றார்கள். அற்றைத் திங்களையும் இற்றைத் திங்களையும் ஒப்பிட்டு, தந்தையையும் குன்றையும் இழந்ததைப் பாடிய பாரி மகளிரின் வழிவந்தவர்களுக்கு இது அந்நியமான மனநிலை இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்தின. ஒன்று, யாரோ ஒருவர் இந்த நாடு செத்துவிட்டது என்றார், பலர் தலையசைத்தார்கள். இந்த நாட்டில் வேர்பிடிக்க நாங்கள் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம் அது. எனக்கு வாக்குகூட இல்லை. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்றின் வாசலில் வரிசையில் நிற்பவளாக என்னை உணர்ந்தேன். இன்னொன்று எதிர்வீடு. அங்கே வசித்தவரும் யூதர், இவர்களுடைய அதே ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர், வீட்டு முன் புல்வெளியில் டிரம்ப் பெயர் பொறித்த பலகையை நட்டிருந்தவர். வாக்களித்தவர்களிடம் அன்று எடுத்த கருத்துக்கணிப்பின்படி யூத வாக்காளர்களில் 71 சதவீதம் பேர் கிளின்டனுக்கும், ஏறத்தாழ கால்வாசிப் பேர் டிரம்புக்கும் வாக்களித்திருந்தார்கள். அந்தக் கால்வாசியில் அவர் ஒருவர். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், ஆனால் அது அவருக்காகத் திறக்கவில்லை என்று தெருவுக்கே தெரிந்தது. மரணம் நிகழ்ந்தது என்றால் கொன்றவர் யாரோ இருக்க வேண்டுமல்லவா?

முதியவர் ஒருவர் மட்டும் அன்று ஒரு எல்லை போட்டார். யாரோ கடிஷ் சொல்லலாம் என்றபோது மறுத்துவிட்டார். இறந்தவர்களுக்காகச் சொல்லும் அந்த அரமேய மொழித் துதியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, முழுக்க இறைவனின் பெருமைதான். ஆனாலும் பிணமில்லாத வீட்டில் அதைச் சொல்லத் தன்னால் முடியாது என்றார். யாரும் அவரோடு வாதாடவில்லை.

உண்மையான ஷிவா

அடுத்த ஆண்டு ஆசிரியையின் கணவர் இறந்தார். அடக்கம் முடிந்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது எல்லாம் பழகியதாகவும் எல்லாம் வேறாகவும் இருந்தது. தாழிடாத கதவு, மூடிய கண்ணாடி, முட்டை. ஆனால் இந்த முறை யாரும் எதையும் விளக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக்கூடாது என்பது அவர்களுடைய விதி. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் அருகே நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நான் உட்கார்ந்தேன். நம் ஊரில் துக்கம் கேட்கப் போனால் வாசலிலேயே அழுகுரல் எழுந்துவிடும், போகிறவர் என்ன சொல்வது என்ற சங்கடம் அதில் கரைந்துபோகும். இங்கே மௌனம் முழுப் பாரத்தோடு நம் மேல் இறங்குகிறது.

அவர்தான் முதலில் பேசினார். கணவரைப் பற்றி அல்ல, முந்தைய நவம்பரைப் பற்றி. “அன்று நாங்கள் செய்தது இதுவல்ல. செத்தவர்களுக்குச் செய்வதை, சாகாத ஒன்றுக்குச் செய்தோம்” என்றார். பிறகு தாவீது அரசனின் கதையைச் சொன்னார். தாவீதின் கைக்குழந்தை நோயில் கிடக்கிறது. அரசன் உண்ணாமல், இரவெல்லாம் தரையில் கிடந்து அழுகிறான். ஏழாம் நாள் குழந்தை இறந்துவிடுகிறது. செய்தியைச் சொல்லவே பணியாளர்கள் நடுங்குகிறார்கள். உயிரோடு இருந்தபோதே இப்படி என்றால் இப்போது தனக்கு என்ன செய்துகொள்வானோ என்ற பயம். தாவீதோ எழுந்து, குளித்து, உடைமாற்றி, தொழுதுவிட்டு, உணவு கேட்கிறான். அவர்களுக்கு விளங்கவில்லை. அவன் விளக்குகிறான்: குழந்தை உயிரோடு இருந்தவரை இறைவன் இரங்கக்கூடும் என்று உண்ணாதிருந்தேன், இறந்தபின் உண்ணாதிருந்து என்ன பயன், அவனைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இரண்டாம் சாமுவேல் நூலின் 12-ஆம் அதிகாரம். கதையை முடித்துவிட்டு அவர் சொன்னார்: “உண்ணாநோன்பு உயிரோடு இருப்பதற்கு. ஷிவா இறந்துபோனதற்கு. நாங்கள் நோன்பு இருந்திருக்க வேண்டும்.”

இவ்வளவுதான் பேச்சு. அதற்குள் மாலைத் தொழுகைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் கடிஷ் சொல்லப் பத்துப் பேர் சேர வேண்டும், தனியாகச் சொல்ல முடியாது. வேலைநாட்களில் பத்துப் பேரைத் திரட்டுவது பெரும்பாடு. அந்த வாரம் ஒரு வேளைகூடத் தவறாமல் வந்தவர்களில் எதிர்வீட்டுக்காரரும் இருந்தார். அவரும் ஆசிரியையும் அரசியலில் அதற்குப் பின்னும் ஓர் அங்குலம்கூட நெருங்கவில்லை, இன்றைக்கும் நெருங்கவில்லை. கடிஷுக்கு அது தேவைப்படவும் இல்லை. எண்ணிக்கையில் அவர் ஒருவர், அவரில்லாமல் சில வேளை அந்தத் தொழுகையே நடந்திருக்காது. ஒரு தேர்தலுக்காக ஷிவா காப்பதில் உள்ள பிழை எனக்கு அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. மெய்யான துக்கத்தில் யார் இல்லாமல் முடியாதோ, அவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தேர்தலுக்கான துக்கத்தைக் காக்க முடியும்.

நோன்பும் கிழிசலும்

அதன்பிறகு நான் இந்த மரபைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். செஃபாரியா இணைய நூலகத்தில், யூதச் சட்ட விவாதங்களின் பழைய பெருந்தொகுப்பான தல்மூது முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது, அரசியல் தோல்விக்கென்றே யூதர்களிடம் ஒரு துக்கம் இருக்கிறதா என்பது. இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் கடைப்பிடிக்கிறார்கள், வெளியே அதிகம் பேர் அறியார். புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்த மறுநாள் விடியலிலிருந்து இருட்டும்வரை இருக்கும் கெதலியா நோன்பு.

கெதலியா ஓர் ஆளுநர். கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்து, மக்களைச் சிறைபிடித்துப் போன பிறகு, நிலத்தில் மிஞ்சிய ஏழைகளுக்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள். பெரிய வீரர் இல்லை, அரச வம்சமும் இல்லை. வென்றவர்களால் நியமிக்கப்பட்டவர். மிஸ்பா என்ற ஊரில் இருந்துகொண்டு, பயப்படாதீர்கள், நிலத்தில் தங்குங்கள், திராட்சையையும் கோடைக் கனிகளையும் எண்ணெயையும் சேர்த்து வையுங்கள் என்று மக்களிடம் சொன்னார். மோவாபுக்கும் அம்மோனுக்கும் ஏதோமுக்கும் ஓடிப்போயிருந்தவர்கள் அதை நம்பித் திரும்பி வந்தார்கள். உன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ஒருவர் எச்சரித்தபோது கெதலியா நம்பவில்லை. அரச குலத்தில் பிறந்த இஸ்மவேல் பத்துப் பேரோடு வந்து, கூட உட்கார்ந்து உண்டுவிட்டு, அவரை வெட்டிக் கொன்றான். மிஞ்சியவர்கள் பாபிலோனின் பழிவாங்கலுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடினார்கள், வேண்டாம் என்று தடுத்த தீர்க்கதரிசி எரேமியாவையும் இழுத்துக்கொண்டு. அதோடு அந்த நிலத்தில் எஞ்சியிருந்த சிறிய தன்னாட்சியும் போயிற்று.

இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் இந்தச் சாதாரண நிர்வாகிக்காகப் பட்டினி இருக்கிறார்கள் என்பது எனக்குப் பேரதிசயமாகப் படுகிறது. எதிரி கோயிலை எரித்ததற்கு ஒரு நோன்பு, சொந்தக்காரனே சொந்த ஆட்சியைக் கொன்றதற்கு இன்னொரு நோன்பு. நல்லவர்களின் மரணம் இறைவனின் வீடு எரிந்ததற்குச் சமம் என்று தல்மூது இதற்குக் காரணம் சொல்கிறது. ரபீன் கொலைக்குப் பின் இந்த நோன்பைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்ததில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது இந்த நோன்பின் வடிவம். அன்று யாரும் வீட்டுக்குள் முடங்குவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், பேருந்தில் ஏறுகிறார்கள், வயிறு மட்டும் காலியாக இருக்கிறது. இருட்டியதும் உண்கிறார்கள்.

சட்டையைக் கிழிப்பது பற்றிய விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஏழு நாள் ஷிவா தந்தை, தாய், மகன், மகள், சகோதரன், சகோதரி, வாழ்க்கைத் துணை ஆகியோருக்கு மட்டும். ஆனால் கிழிசல் அதைவிட விரிந்தது. முழுமையாகத் தைத்து மூடக்கூடாத கிழிசல்களின் பட்டியல் ஒன்று தல்மூதில் வருகிறது. தந்தைக்கும் தாய்க்கும் கிழித்தது, தோரா என்னும் வேதத்தைக் கற்பித்த ஆசிரியருக்குக் கிழித்தது, தோராச் சுருள் எரிந்தபோது கிழித்தது, எருசலேமின் இடிபாட்டைக் கண்டு கிழித்தது. இவற்றோடு கெட்ட செய்தி கேட்டுக் கிழித்ததும் அதில் இருக்கிறது. அரசன் சவுலும் அவன் மகன் யோனத்தானும் வீழ்ந்தார்கள், மக்கள் வாளுக்கு இரையானார்கள் என்று போர்க்களத்திலிருந்து செய்தி வந்ததும் தாவீதும் அவனோடு இருந்தவர்களும் உடையைக் கிழித்துக்கொண்டதே இதற்கு ஆதாரம். பொதுத் துயரத்துக்குக் கிழிக்க அனுமதி உண்டு, அதைப் பெற்றவர்களின் மரணத்துக்கு இணையாகவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பொதுத் துயரத்துக்காக ஏழு நாள் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. கிழிந்த சட்டையோடு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அளவைப் பற்றியும் அவர்கள் கண்டிப்பானவர்கள். அழுகைக்கு மூன்று நாள், புலம்பலுக்கு ஏழு நாள், தலைமயிர் வெட்டாமலும் தேய்த்து மடித்த உடையை அணியாமலும் இருப்பதற்கு முப்பது நாள். அதற்கு மேலும் அழுபவனிடம் இறைவன், என்னைவிட நீ அதிக இரக்கமுள்ளவன் இல்லை என்கிறானாம். கி.பி. 70-இல் ரோமானியர் இரண்டாம் கோயிலை இடித்த பின், இனி இறைச்சி தின்ன மாட்டோம், திராட்சை மது குடிக்க மாட்டோம் என்று பலர் விரதம் பூண்டார்கள். பலிபீடத்தில் இறைச்சியும் மதுவும் படைக்க வழியில்லாதபோது நமக்கெதற்கு என்றார்கள். ரபி யெகோஷுவா என்ற மத அறிஞர் அவர்களிடம் போய், அப்படியானால் ரொட்டியும் வேண்டாம், தானியப் படையலும் நின்றுவிட்டதே என்றார். பழம் தின்று வாழ்வோம் என்றார்கள். முதற்கனிப் படையலும் நின்றுவிட்டதே. வேறு பழங்கள் தின்போம் என்றார்கள். தண்ணீரும் குடிக்க வேண்டாம், நீர்ப்படையலும் இல்லையே என்றார். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அப்போது அவர் சொன்னதைப் பலமுறை படித்திருக்கிறேன். துக்கமே காக்காமல் இருக்க முடியாது, நேர்ந்தது நேர்ந்துவிட்டது. அளவுக்கு மீறித் துக்கம் காக்கவும் முடியாது, பெரும்பான்மை மக்கள் தாங்க முடியாத ஒன்றைச் சமூகத்தின் மேல் சுமத்தக்கூடாது. ஆகவே வீட்டுக்குச் சாந்து பூசு, கொஞ்சம் பூசாமல் விடு. எவ்வளவு? முழத்துக்கு முழம். எங்கே? வாசலுக்கு எதிரே. விருந்து சமை, ஒரு பதார்த்தத்தைக் குறைத்துக்கொள்.

தலைவர் தோற்றால், சிறைக்குப் போனால் தொண்டர் தீக்குளிக்கும் செய்திகளைப் படித்து வளர்ந்த தமிழ்நாட்டுக்காரி நான். அந்தச் செய்திகளில் இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் கடைசி வரியில் வருவார்கள், மறுவாரம் யாரும் அவர்களை நினைக்க மாட்டார்கள். அரசியல் துக்கத்துக்கு அளவு வகுத்துக்கொடுக்க நம்மிடம் ஒரு ரபி யெகோஷுவா இருந்திருக்கலாகாதா என்று அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் ஏங்குகிறேன்.

2018 அக்டோபர்

அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. எங்கள் பகுதியின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயக் கட்டடத்தில் மூன்று சபையினர் தொழுதுகொண்டிருந்தபோது துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து 11 பேரைக் கொன்றான். அகதிகளுக்கு உதவும் பழைய யூத அமைப்பான ஹையாஸ் மீது வெறுப்பைக் கக்கிவிட்டு வந்தவன். அந்த அமைப்பு படையெடுப்பாளர்களைக் கொண்டுவருகிறது என்று எழுதியிருந்தான். அந்தச் சொல் அந்த மாதங்களில் அரசியல் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் புழங்கிக்கொண்டிருந்தது. 2016-இல் முக்காலியில் உட்கார்ந்து அஞ்சியவர்களின் அச்சம் வீணானதில்லை என்பதை இந்தத் தெருக்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் அடக்கங்கள் செவ்வாய்க்கிழமை, 30-ஆம் தேதி. அன்று அடக்கமானவர்களுக்கு ஷிவாவின் ஏழாம் நாள் நவம்பர் 5. மறுநாள் நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல். மெய்யான ஷிவா முடிந்து எழுந்த மறுநாள் காலை வாக்குச்சாவடி. எங்கள் ஆசிரியை அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தார். இந்த நிலையில் போக வேண்டுமா என்று பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டார்கள். போனார். காலை 7 மணி முதல் இரவு 8 மணிவரை மேசையின் பின்னால் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மார்பில் கிழிந்த கறுப்பு நாடா. எதிர்வீட்டுக்காரரும் அந்த வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார் என்று பிறகு சொன்னார். அந்த ஆண்டு நாடெங்கும் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்களித்தார்கள். இடைக்காலத் தேர்தலில் நூறாண்டாகக் காணாத எண்ணிக்கை அது.

துக்கம் காப்பதே தேவையில்லை, தோல்வியை ஏற்றுக்கொண்டு நகர வேண்டியதுதானே என்று சென்னையிலிருக்கும் என் நண்பர் கேட்கிறார். வாக்களித்த மக்களை அவமதிப்பதாக இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. கெட்ட செய்தி கேட்டால் யூதர்கள் சொல்ல வேண்டிய முதல் வாசகம், உண்மையான நீதிபதி போற்றப்படுக என்பது. மரணச் செய்திக்கும் அதுதான். நடந்தது நடந்தது என்று வாயால் ஒப்புக்கொண்ட பிறகே உடையைக் கிழிக்கிறார்கள். துக்கம் தோல்வியை ஏற்பதில்தான் தொடங்குகிறது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தை உடைத்துக்கொண்டு நுழைந்தவர்கள் 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றதற்காகத் துக்கம் காக்கவில்லை. தோல்வி நடக்கவே இல்லை என்றார்கள். அழவும் நோன்பிருக்கவும் அவர்களுக்கு ஒரு மரபு இருந்திருந்தால் அந்த நாள் வேறுவிதமாக இருந்திருக்குமா என்று எதிர்வீட்டுக்காரரிடமே கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, 2020 நவம்பரில் தானும் துயரப்பட்டதாகவும், அதைச் சொல்லிக்கொள்ள ஓரிடம் இல்லாமல் போனதாகவும் சொன்னார். அவருடைய துயரத்துக்கும் இந்த நோன்பில் இடம் உண்டு என்றே நான் நம்புகிறேன். ஆசிரியைக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.

2024-இல் எனக்கும் வாக்கு இருந்தது. பென்சில்வேனியா மறுபடியும் டிரம்புக்குப் போனது, இந்த முறை நாடு தழுவிய வாக்குகளிலும் அவரே முந்தினார். யாரும் கண்ணாடியை மூடவில்லை. நவம்பர் 6 அன்று ஆசிரியை உண்ணாதிருந்தார், நானும் இருந்தேன், அலுவலகத்துக்கும் போனேன். இருட்டிய பிறகு அவர் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டோம். உயிரோடு இருப்பதற்காக நோன்பிருந்தால், மறுநாள் அந்த உயிருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அகதிக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் அவர் பல ஆண்டுகளாக இருந்தார், நான் அந்த வாரம் சேர்ந்தேன். பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு நேபாள முகாம்களில் காலம் கழித்து வந்தவர்கள் பிட்ஸ்பர்கில் நிறையப் பேர், எங்கள் வகுப்பிலும் அவர்களே அதிகம். 2025 ஜனவரி 20 அன்று புதிய அதிபர் அகதிகளை ஏற்கும் திட்டத்தை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். பயணச்சீட்டு உறுதியானவர்களின் விமானங்கள்கூட ரத்தாயின. அண்ணன் குடும்பம் வரும் என்று வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்த ஒரு பெண்மணி வகுப்பில் என்னிடம் இனி என்ன செய்வது என்று கேட்டார், சட்ட உதவி கிடைக்கும் இடத்தைத் தவிர என்னிடம் கொடுக்க எதுவுமில்லை. புதிதாக வருபவர்கள் இல்லாததால், இருப்பவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வுப் பாடங்களைத் தொடங்கியிருக்கிறோம். நேபாளி தெரிந்தவர்கள் எங்களுக்கு உடனடியாகத் தேவை. பிட்ஸ்பர்க் பக்கம் இருந்தால், யாருக்கு வாக்களித்தவராக இருந்தாலும், எழுதுங்கள்.